கொடியேற்றத்துக்குக் கிளம்பியவர்

நர்ஸ் மறுபடியும் அந்தத் தாளை அவளிடம் நீட்டினாள். பேனாவையும் அவள் விரல்களுக்குள் திணிக்கப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் புரியாத தாள். கையெழுத்துப் போட்டால் கணவரை எங்கே கொண்டுபோவார்களோ? அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள், தமிழிலேயே.

அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போன அறையின் கதவு மூடியே இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். சுதந்திர தினத்தன்று ஒருமுறைகூட அவருக்கு லீவு கிடைத்ததில்லை. ஸ்பெஷல் பஸ் விட்டுவிடுவார்கள். மகள்தான் இருவரையும் வெளிநாடு பார்த்துவிட்டு வரச் சொல்லி இரண்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தாள். முந்தாநாளே அவர், "போதும், வீட்டுக்குப் போயிடலாம். பேச ஒரு ஆள் இல்ல" என்று ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் நாலு நாள்தான, சின்னப் புள்ளையாட்டம் அடம்புடிக்காதீங்க" என்று அவள்தான் வாயை அடைத்தாள்.

தூதரகத்தில் கொடி ஏற்றுவார்கள் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. "நம்மாளுங்க நாலு பேர் மூஞ்சியப் பாக்கலாம்ல?" இன்று காலை வெள்ளைச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

தூதரகத்துக்கு மூன்று தடவை போன் செய்தாள். பதிவுசெய்த குரலில் 'ஹாலிடே' என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. நடுவில் மகள் கூப்பிட்டாள்.

"கொடி ஏத்தியாச்சாம்மா? அப்பாட்ட குடு."

"அப்பா உள்ள இருக்காருடி" என்று சொல்லித் துண்டித்துவிட்டாள்.

நான்காவது தடவை யாரோ எடுத்தார்கள். அவள் வாயில் தமிழ்தான் வந்தது. மறுமுனையிலிருந்தும் தமிழ் வந்தது.

"அழாதீங்கம்மா. நான் இங்க டிரைவர். பக்கத்துல யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுக்குறேன்."

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். தாளை வாங்கி, நர்ஸிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார்.

"பயப்படாதீங்க. அவரை இங்கயே குளிர் ரூம்ல பத்திரமா வச்சிக்கிறதுக்குத்தான். ஆபீஸ் ரெண்டு நாள் லீவு. அப்புறம் ஊருக்கு அனுப்புற வேலையெல்லாம் பாத்துக்கலாம்."

"ரெண்டு நாளா? உள்ள தனியாவா?" அவள் குரல் கீச்சிட்டது. "அவருக்குக் குளிர் ஆவாது தம்பி."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க ஏதாச்சும் சாப்டீங்களாம்மா?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை வெளியாள் யாரும் கேட்டதில்லை. அவள் டிரைவர் முகத்தையே பார்த்தாள்.

"அவருதான் சாப்பிடல. கொடியேத்துற எடத்துல டிபன் குடுப்பாங்கன்னு வெறும் வயித்தோட கெளம்புனாரு."

டிரைவர் அவள் மார்போடு அணைத்திருந்த கைப்பையை மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.