கீழே விழுந்த கோடு

புரதங்களை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் படத்தில் ஒரு கோடு தெரிய வேண்டிய இடத்தில் மறுபடியும் இரண்டு. மேலே அவள் எதிர்பார்த்த முழுப் புரதம். கீழே, கூப்பிடாமல் வந்து சோபாவில் சாய்ந்துகொண்ட விருந்தாளி மாதிரி, தலை கத்தரித்த குட்டை ஒன்று.

"திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா இந்தப் புரதத்தை விட்டுட்டு வேற வேலை பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள் ஆய்வகத் தலைவி. மூன்று வருட உழைப்பு.

பக்கத்து மேசையில் வேலை பார்த்த கணவனுக்கு ஒரே கொண்டாட்டம். "நான் அப்பவே சொன்னேன்ல? உன் குழாயில ஏதோ நொதி புரதத்தைக் கடிச்சுத் தின்னுது."

"தின்னல. பொறக்கும்போதே குட்டையாத்தான் பொறக்குது."

புரதத்தைக் கோக்கும் பொறிதான் ரைபோசோம். செய்முறை எழுதிய இழையான எம்ஆர்என்ஏவின் முனையில் ஏறி, ஏ-யு-ஜி என்ற மூன்று எழுத்தைத் தேடி ஊர்ந்து போகும். புரதம் அங்கேதான் தொடங்கும். சுற்றியுள்ள எழுத்துகள் சரியில்லையென்றால் சில ரைபோசோம்கள் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த ஏ-யு-ஜிக்குப் போய்விடும்; அங்கே தொடங்கும் புரதத்துக்குத் தலைப்பகுதி இருக்காது. டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் வசதிக்காக, முதல் ஏ-யு-ஜிக்கு முன்னால் இருந்த முக்கியமான எழுத்தை அவளே கெடுத்து வைத்திருந்தாள்.

"செஞ்சது நீ, பழி ரைபோசோம் மேலயா?"

"சிரிங்க. எழுத்தைத் திருத்திப் பாக்க ரெண்டு வாரம் ஆகும். திங்கக்கிழமை எதைக் காட்ட?"

அவன் சிரிப்பு நின்றது. மூக்கைச் சொறிந்தான்.

"திட்டக் கூடாது. ஒரு மாசமா உன் குழாய்ல ஒண்ணு விட்டு ஒண்ணுக்கு, நொதியைத் தடுக்குற மருந்தை, சொன்ன அளவுக்கு மூணு பங்கு ஊத்திட்டிருக்கேன். கீழ்க் கோடு மறைஞ்சதும் உன் மூஞ்சியைப் பாக்கலாம்னு."

"அடப்பாவி! எந்தெந்தக் குழாய்?"

தேதி போட்டு, பிசகில்லாமல் எழுதி வைத்திருந்தான். அந்தத் தாள் இன்றும் அவளிடம் இருக்கிறது, எழுதியவன்தான் இல்லை.

பழைய படங்களைப் பரப்பிப் பார்த்தார்கள். மருந்து விழுந்த குழாயிலும் விழாத குழாயிலும் கீழ்க் கோடு ஒரே கனம்.

"துளிகூடக் குறையல! அப்ப எதுவும் தின்னல!"

"அதான் மருந்தைப் பத்தி வாயைத் திறக்கல," என்றான் அவன், பரிதாபமாக.

திங்கட்கிழமை தாளோடு அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். தலைவி படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"சரி, எழுத்தைத் திருத்து. ரெண்டு வாரம் தர்றேன்." அவன் பக்கம் திரும்பினாள். "அடுத்தவங்க குழாயில கை வச்சதுக்கு, அதே ரெண்டு வாரம் எல்லார் புட்டியையும் நீங்க கழுவுங்க."

வெளியே வந்ததும் கேட்டான். "உன் வேலையைக் காப்பாத்தினது யாரு?"

"நீங்கதான் சாமி. தொட்டி நிறையக் கிடக்கு, போங்க," என்று முதுகைப் பிடித்துத் தள்ளினாள்.