வியர்க்காத உடம்பு

அனலாய் வீசும் கச்சான் காற்று தொடங்கி ஒன்பதாம் நாள், பகல் பதினொரு மணிக்கே மர்சூக்கின் உடம்பு நூற்றிரண்டைத் தாண்டிவிட்டது. இன்ஷிரா வெப்பமானியை உதறி வைத்துவிட்டு ஈரத்துணியை மறுபடி வாளிக்குள் முக்கினாள். வாளித் தண்ணீரே சுட்டது.

அது காய்ச்சல் அல்ல. கட்டாரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, கழுத்து எலும்பு உடைந்து, இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான் அவளுடைய கணவன் மர்சூக். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை என்பது காத்தான்குடியில் அவர்களுடைய ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. அவனுக்கு வியர்க்காது என்பதைத்தான் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. அறை என்ன சூடோ அவனும் அந்தச் சூடுதான். அந்த மாதம் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாயிற்று. இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "அந்த அறைய எப்படியாவது குளிராக்குங்க. நூற்றிநாலு வந்தா வீட்டில வச்சுக்கொண்டிருக்க வேணாம்."

அன்றைக்கே அவள் ஏசி தேடத் தொடங்கினாள். டவுனில் ஒரு கடைக்காரன் அறையின் நீள அகலத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வந்து பாராமலே மெசினின் அளவைச் சொன்னான். ஆரையம்பதியிலிருந்து சாமித்தம்பி என்பவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்தவனைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஏணி கேட்டு ஏறி, அஸ்பெஸ்டஸ் கூரைச் சீட்டின் அடியில் உள்ளங்கையை வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"பகல் ரெண்டு மணிக்கு பேன் எப்பிடிச் சுத்தும் தங்கச்சி?"

"சுத்துற மாதிரியே இரிக்காது அண்ணன்."

"மாரியில ஆளுக்கு எப்பிடி? உடம்பு குளிர்ந்து போகுமா?"

இன்ஷிரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். போன டிசம்பர் மழையில், மூன்று போர்வைக்குள்ளும் அவனுடைய உடம்பு தொண்ணூற்றைந்துக்கு இறங்கி, உதடு நீலம் பாரித்தது. அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ஓம், போகும்" என்றாள்.

சாமித்தம்பி இறங்கி வந்தார். "இந்தச் சீட்டுக்குக் கீழ எவ்வளவு பெரிய மெசின் போட்டாலும் குளிர் நிக்காது. முதல்ல சீலிங் அடிக்கோணும். பழைய வயர்ல கரண்ட் குறையுது, மீற்றர்ல இருந்து தனி வயர் இழுக்கோணும். அதுக்குப் பிறகு சின்ன மெசினே போதும். வெயிலுக்குக் குளிரும் தரும், மாரிக்குச் சூடும் தரும்."

"எத்தின நாள் எடுக்கும்?"

"எனக்கு ஏழு நாள் தாங்க."

"ஏழு நாளைக்கு இவர் தாங்கமாட்டார் அண்ணன். இண்டைக்கே ஒண்ட மாட்டி விடுங்களன்."

"மாட்டலாம். ஆனா அது ஓடும் எண்டு நான் சொன்னா பொய்."

அவர் போன பின்னேரமே றவூப் வந்தான். மர்சூக்கின் சித்தப்பா முறையான சாச்சாவுடைய மகன், ஏசி, பிரிட்ஜ் எல்லாம் திருத்துகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். "ஏழு நாளா? வேலைய இழுக்கிற கதை அது. பாசிக்குடாவில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல கழட்டின மெசின் என்னட்டக் கிடக்கு. நாளைக்கு லுஹர் தொழுகைக்கு முதல் மாட்டித் தாறன். நம்மட ஆக்கள் நாங்க இரிக்கக்குள்ள என்னத்துக்கு வேற ஆள்?"

"அந்த அண்ணன் சொன்னது சரிபோலக் கிடக்கு" என்றான் மர்சூக் மெல்ல. இன்ஷிராவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஏழு பகல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். முதல் பகலைக்கூட அவளால் கடக்க முடியவில்லை.

"மாட்டுங்க மச்சான்" என்றாள்.

சொன்னபடியே றவூப் மறுநாள் மாட்டினான். மெசினின் வெளிப்பெட்டியை வெளியே வைத்தால் களவு போய்விடும் என்று சமையல் குசினிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலுக்குள் வைத்தான். இரண்டு நாள் அறை குளிர்ந்தது. மர்சூக் கண்ணை மூடித் தூங்கினான். இன்ஷிரா றவூப்புக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டாள்.

மூன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு மெசின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். அசையவில்லை. றவூப்புக்குப் போன் அடித்தாள், ஏழாவது தடவைதான் எடுத்தான். "வாழைச்சேனையில நிக்கிறன். நாளைக்கு வந்து பாக்கன்."

பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய அக்கா, றமீஸா ராத்தா, ஓடி வந்தாள். மீன் வாடியில் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றி, கழுத்தடியிலும் அக்குளிலும் வைத்தார்கள். ஐஸ் உருகித் தலையணை நனைந்தது. நூற்றிமூன்று. நூற்றிமூன்றரை.

"ஆம்புலன்சுக்கு அடி" என்றாள் றமீஸா.

மர்சூக்கின் கண் மட்டும் திரும்பியது. "வேணாம். அல்லாஹ்வுக்காக என்னக் கொண்டு போகாத." போன தடவை ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஒரே பக்கமாய்ப் படுத்ததில் இடுப்பில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. இனிக் கொண்டுபோக மாட்டேன் என்று இன்ஷிரா அவனுக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் ஆம்புலன்சுக்கு அடிக்கவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சாமித்தம்பிக்கு அடித்தாள்.

கால் மணித்தியாலத்தில் அவர் வந்துவிட்டார். நேரே கொட்டிலுக்குப் போனார். "பெட்டி வெளிய தள்ளுற சூட்டையே திரும்ப இழுக்குது" என்றபடி சுத்தியலால் தகரங்களைப் பெயர்த்து முற்றத்தில் எறிந்தார். சூடான காற்று அடுப்பைத் திறந்ததுபோல் வெளியே வந்தது. சற்றுப் பொறுத்துச் சுவிட்சைப் போட்டார். மெசின் ஓடியது.

இன்ஷிரா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

பத்து நிமிடம்கூட இல்லை. கூரைப் பேன் தளர்ந்தது. சாமித்தம்பி மெசினுக்கு வரும் வயரில் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தார். கரண்ட் பாதிக்குச் சற்று மேலேதான் வந்துகொண்டிருந்தது. பெட்டி உதறிக்கொண்டு அடங்கியது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு அறை வாசலில் நின்றார்.

"தங்கச்சி, இது இண்டைக்கு ஓடாது. நாளைக்கும் ஓடாது. இத நம்பி இவர இஞ்ச வச்சிருக்க வேணாம்."

"நீங்க அண்டைக்கே ஒழுங்கா ஒண்ட மாட்டியிருந்தா இப்பிடி வந்திருக்குமா?" என்று அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அது நியாயமில்லை என்று கத்தும்போதே தெரிந்தது. சாமித்தம்பி தன்னுடைய போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

கட்டிலிலிருந்து மர்சூக் யாரையோ ஏசினான். "கயித்த இறுக்கிக் கட்டுங்கடா. சாரம் ஆடுது." அவன் கண் திறந்திருந்தது, அவளை அவனுக்குத் தெரியவில்லை. நூற்றிநாலு புள்ளி இரண்டு.

ஆம்புலன்ஸ் வரும்வரை மூன்று பேரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றி விசிறினார்கள். ஏற்றும்போது சாமித்தம்பியும் தலைமாட்டில் பிடித்தார். கதவு மூடுவதற்கு முன் இன்ஷிரா வீட்டுச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"உங்கட வேலையச் செய்யுங்க அண்ணன். எத்தின நாள் எண்டாலும் சரி."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மர்சூக் அவளைத் தன் தாயென்று எண்ணி உம்மா என்று கூப்பிட்டான். மூன்றாம் நாள்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அந்த இரண்டு நாளும் அவள் கட்டிலோரத்தில் இருந்து, கொடுத்த வாக்கையும் மாட்டச் சொன்ன மெசினையும் மாறி மாறி நினைத்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைத்தாள்; தாதி வரும்வரை காத்திருக்கவில்லை.

நான்காம் நாள் றவூப் வந்தான். முகம் கறுத்திருந்தது. "நான் மாட்டினத அந்தாள் கழட்டி மூலையில போட்டிரிக்கான். கேக்கிற ஆள் இல்லையா?"

"நான்தான் கழட்டச் சொன்னன் மச்சான்."

அவன் கொண்டுவந்த பழப்பையை மேசையில் வைத்துவிட்டு, கட்டில் பக்கம் பாராமலே வெளியேறினான். றவூப்பின் பக்கம் நின்ற மாமியும், மர்சூக்கின் உம்மா, இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

எட்டாம் நாள் மர்சூக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அறைக்குச் சீலிங் வந்திருந்தது. அதற்கு மேலே வெயிலைத் திருப்புகிற வெள்ளித்தாள். வெளிப்பெட்டி வடக்குச் சுவரில், காற்றோட்டமாய், கம்பிக்கூட்டுக்குள் இருந்தது. முன்னதைவிடச் சிறிய மெசின். எந்த பட்டனை அழுத்தினால் குளிர், மாரியில் எதை அழுத்தினால் சூடு என்று சாமித்தம்பி அவளுக்கும் றமீஸாவுக்கும் இரண்டு தடவை காட்டினார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"கதவைத் திறக்காதீங்க. ஒரு மணித்தியாலம் குளிர் நிக்கும். அதுக்கு மேல போனா எனக்கு அடிக்க வேணாம், ஆம்புலன்சுக்கு அடிங்க."

மறுநாள் பகல் ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. இன்ஷிரா கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியைச் செருகி, கட்டிலோரத்தில் இருந்தாள். ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் போன். வெளியே கச்சான் தென்னோலைகளைப் போட்டு அடித்தது. தொண்ணூற்றொன்பது. கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் தொண்ணூற்றொன்பது. அவள் வெப்பமானியை உதறி மறுபடியும் வைத்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்து, மெசின் தானாக ஓடத் தொடங்கியது. அவள் போனைக் கட்டிலில் வைத்தாள்.

"இன்ஷிரா" என்றான் மர்சூக். "சோறு திண்டயா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"போய்ப் போட்டுக்கொண்டு வா. கதவச் சுறுக்காச் சாத்து."

அவள் குசினிக்கு ஓடிப்போய், ஆறிப்போன சோற்றையும் மீன்குழம்பையும் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.