யானை திறந்த வழி

காலையில் போய்ப் பார்த்தால், வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விடுகிற பிள்ளை அறையின் பின்சுவரைக் காணோம். ராத்திரி யானை வந்து போயிருக்கிறது. கஞ்சிக்கு வைத்திருந்த அரிசிப் பை கிழிந்து, ஒரு மணிகூட மிச்சமில்லாமல் மண்ணில் கிடந்தது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வந்ததே, அந்த மட்டுக்கும் புண்ணியம்.

அது தேயிலை எஸ்டேட்டின் பழைய உரக் கொட்டகை. பிள்ளைகளைப் பார்க்க ஆயா இருக்கிற கம்பெனிக் கட்டிடம் அடிவாரத்தில் இருந்தது. மேல்காட்டில் கொழுந்து எடுக்கிறவள் பால் கொடுக்க அங்கே இறங்கி ஏறினால் பாதி நாள் போய்விடும். அதனால் எங்கள் லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் சேர்ந்து கொட்டகையைக் கழுவி, மெழுகி, தொட்டில் கட்டினோம். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரி கொழுந்துக்குப் போகாமல் எல்லார் பிள்ளையையும் பார்ப்பாள். ரேஷன் அரிசியே ஒழுங்காகக் கிடைக்காத எழுபத்துநாலாம் வருஷத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். மிஞ்சியதை முறைக்காரி தன் வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் காலையில் அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். எங்கள் சின்னக்கானலில் ஆளில்லாத இடத்தில் அரிசி வைப்பது யானைக்குப் பந்தி போடுவது மாதிரி.

முந்தின நாள் முறை வேலுத்தாயுடையது.

கங்காணி சோலை வந்து சேர்ந்தார். பொம்பளைகள் தாங்களாகக் கூடி ஒன்றை நடத்தினால் அவருக்கு வயிறு எரியும். வரும்போதே கையில் பூட்டோடு வந்தார் என்றால் பாருங்களேன்.

“அரிசியை விட்டுட்டுப் போனவ யாரு? அவளை நீக்கிட்டு மத்தவங்க நடத்திக்கங்க. இல்லைன்னா இப்பவே பூட்டுதேன்.”

பூட்டினால் என் ரெண்டு வயது மகள் மறுபடியும் அடைத்த வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடக்க வேண்டும். போன வருஷம் அப்படிக் கிடந்துதான் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டாள். அதற்காக வேலுத்தாயைப் பிடித்துக் கொடுப்பேனா?

“நாங்க எல்லாரும்தான் விட்டுட்டுப் போனோம்,” என்றேன்.

“உன்னையக் கேக்கல அழகுத்தாயி.”

“நான் சொல்லுதேன்ல.”

அதற்குள் வேலுத்தாய் முன்னால் வந்துவிட்டாள். புருஷனுக்கு வேலை போனதிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அது லயம் முழுக்கத் தெரியும்.

“நான்தான் வச்சேன்.” கங்காணியைப் பார்க்காமல், எங்களோடு நின்ற பெரியம்மாளைப் பார்த்துச் சொன்னாள். “போன தடவ வீட்டுக்குக் கொண்டுபோயித் திருப்பிக் குடுத்தேன். நீ பையத் தூக்கித் தூக்கிக் கனம் பாத்த மதினி. வேற யாருகிட்ட வாங்கினப்பவும் நீ பாக்கல. எம் பிள்ள பட்டினி கெடந்தாலும் நான் அந்த அரிசியத் தொடமாட்டேன். இன்னொரு தடவ அப்படிப் பாத்தா என்னால தாங்க முடியாது. அதான் இங்கயே வச்சேன்.”

பெரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு யானை மேல் இருந்த கோபம் போய் எங்கள் மேலேயே வந்தது.

“கேட்டாச்சுல்ல? நீக்குங்க இவள,” என்றார் கங்காணி.

“நீக்க மாட்டோம்,” என்றேன்.

அவர் விறுவிறுவென்று போய் முன்கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டார்.

“நல்லா இழுத்துப் பாருங்க அண்ணாச்சி, பூட்டு விழுந்துருச்சான்னு,” என்று சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் போய், யானை இடித்த வழியாக உள்ளே நுழைந்தேன். பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

“தொரைகிட்டச் சொல்லுதேன்!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“சொல்லுங்க. சுவரு வைக்க மண்ணு பத்தலன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க.”

அன்று பெரியம்மாள் முறை. வீட்டுக்கு ஒரு பிடி மறுபடியும் வந்தது. சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து நாங்கள் சுவருக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தபோது, மிஞ்சிய அரிசியை முடிந்து பெரியம்மாள் வேலுத்தாயிடம் நீட்டினாள்.

“இனிமே உன் வீட்டுல இருக்கட்டும்.”

வேலுத்தாய் கையை நீட்டவில்லை. “காலையில?”

“நீயே கொண்டாந்து கஞ்சி ஒலையில போடு. எவ கையிலயும் குடுக்காத.”

வேலுத்தாய் முடிப்பை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, யானை போன வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். முன்கதவில் கங்காணியின் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.