சிவப்பு நூல் கட்டிய குப்பி

சலோமியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடிந்ததும் அவள் பீர் மைதீன் வீட்டுக்குப் போய், அவர் மகள் பெற்ற பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி அலச வேண்டும். அங்கிருந்து ஓட்டமாய் ஓடிவந்து எங்களோடு தாதிப் பயிற்சி. பிற்பகலில் வார்டு. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய மறுவருஷம் அது. பாடமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறி, படித்ததையே திரும்பப் படிக்கச் சொல்லி எங்கள் உயிரை வாங்கினார்கள்.

"அந்த வீட்டு வேலைய விட்டுத் தொலையேன்டி. நின்னுக்கிட்டே தூங்குற!"

"விட்டா சோறு நீ போடுவியா, ஞானமேரி? பரீட்சை வரைக்கும்தான். வெள்ளை உடுப்பு கெடைச்சதும் தூங்கிக்கிறேன்."

இவளிடம் யார் பேசுவது!

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. பிள்ளையைத் தொடுமுன் கை கழுவ, வார்டிலிருந்து மருந்துத் தண்ணீரைக் குப்பியில் கொண்டுபோவாள். பாதரசம் கலந்தது. பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான், குடித்தால் குடல் வெந்துவிடும். ஆயாக்கள் பலருக்கு எழுத்து தெரியாது என்பதால், அந்த மாதிரிக் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைப்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். சலோமி கை கழுவியதும் அதை மறக்காமல் பையில் போட்டு எடுத்து வந்துவிடுவாள்.

வாய்மொழித் தேர்வன்று காலையிலிருந்தே புழுக்கம். கடற்பக்கம் காற்றே செத்துக் கிடந்தது. சலோமி கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். என் முறை முடிந்து சுவரோரம் நின்றேன். அவளிடம் தேர்வு நடத்திய சிஸ்டர் கேட்டார், விஷக் குப்பிக்கு என்ன அடையாளம் என்று.

"சிவப்பு நூல், சிஸ்டர்." பட்டென்று சொன்னவள் முகம் வெளுத்துப்போனது. "மேரி, என் பையில குப்பி இருக்கா பாரு."

கொட்டிப் பார்த்தேன். சீப்பு, ஜெபமாலை, புத்தகம். குப்பி இல்லை.

"தொட்டில்கிட்டயே வச்சிட்டேன்டி! அவங்க வீட்ல, பள்ளிவாசல் லெப்பை ஓதிக் குடுக்குற தண்ணிக்கும் சிவப்பு நூல்தான் கட்டியிருப்பாங்க. புள்ள அழுதா அதைத்தான் புகட்டுவாங்க."

கொட்டியதை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"வாசலைத் தாண்டினா உனக்கு இங்க இடமில்ல" என்றார் சிஸ்டர். என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மகராசி. சலோமி வாசலைத் தாண்டிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

பீர் மைதீன் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மனைவி ஆஸியா பீவி சிரித்த முகமாக வந்தார். "வாம்மா சலோமி, மறுபடி வந்துட்டியா? நீ போனதுலேருந்து பேரன் ஒரே வீறிடல். நல்லவேளை, எங்க வீட்டுக்காரர் லெப்பைகிட்ட தண்ணி ஓதி வாங்கியாந்து தொட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க போல. ரெண்டு கரண்டி குடுத்தேன். கொஞ்சம் கக்குனான், அப்புறம் அடங்கிட்டான்."

கையில் கரண்டி. தொட்டிலருகே எங்கள் வார்டுக் குப்பி, கழுத்தில் சிவப்பு நூல்.

சலோமி தொட்டிலுக்குப் பாய்ந்தாள். பிள்ளையை வாரி எடுத்தாள். "யா அல்லாஹ், எங்க தூக்கிட்டுப் போற?" என்ற அலறல் பின்னால் கேட்டது.

எந்த வாசலைத் தாண்டக் கூடாது என்றார்களோ, அதே வாசலை நோக்கி ஓடினாள். பிள்ளை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"அழுடா தங்கம். ஒரே ஒரு தடவை அழுடா" என்று கெஞ்சிக்கொண்டே ஓடினாள். அது அழவில்லை.