மூடிக்கு வந்த பணம்

மச்சான் இடக்கையால் எழுதப் பழகி ஏழு மாதம் ஆகிறது. எழுத்து இன்னும் கோணல்மாணல்தான், ஆனால் கணக்கில் ஆள் கெட்டி. வலக்கையின் மூன்று விரல்களை ரம்ப மிஷின் வாங்கிக்கொண்ட பிறகு பட்டறையில் அவனால் வேறென்ன செய்ய முடியும்? அக்காள் புருஷனான தச்சர்தான் கணக்கு நோட்டை அவனிடம் ஒப்படைத்தார். என்ன பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

வரி ஆபீஸ் நோட்டீஸை மச்சான் மேஜையில் விரித்தான்.

“அத்தான், மிஷினோட மொத்த விலையையும் போன வருஷமே செலவுன்னு கழிச்சுட்டோம். இந்த வருஷம் கம்பெனி அதுல கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருக்கு. கழிச்ச செலவு திரும்பி வந்தா அது வருமானமாம். வரி கட்டணும்.”

“கட்டித் தொலைப்போம். விடு மாப்ள.”

“சும்மா எதுக்கு அழணும்? பணம் எதுக்கு வந்ததுன்னு காரணம் கேக்குறாங்க. ரிப்பேருக்குன்னு கொடுத்திருந்தா, செஞ்ச பில்லை வெச்சு நேர் பண்ணிடலாம். கம்பெனி கடிதம் எங்க?”

தச்சருக்குக் கடிதம் வரிக்கு வரி நினைவிருந்தது. ரம்பத்தின் மேல் கவிழ்ந்திருக்கும் மூடி சரியில்லை, பிடிப்பு தளரும், புது மூடி மாட்டும்வரை மிஷினை ஓட்டாதீர்கள், மூடிக்கான பணத்தை அனுப்பியிருக்கிறோம். கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. மனுஷர் அதை உளிப்பெட்டிக்கு அடியில் செருகினார். வந்த பணத்தில் பட்டறைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார். மூடியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். பன்னிரண்டாம் நாள், மச்சான் பலகை அறுக்கும்போது, அந்த மூடி கழன்றது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மச்சான் சொன்னான், “என் கவனக்குறைவுதான் அத்தான். நல்ல பலகையும் வீணாப் போச்சு.” இவர் பரவாயில்லை என்றார். பாவி மனுஷர், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

“கடிதம் எங்கயோ தொலைஞ்சுது” என்றார் இப்போது.

“நெனச்சேன். காதுல பென்சிலை வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளாச்சே நீங்க.” மச்சான் சிரித்தான். “அதான் நேத்தே கம்பெனிக்குப் போன் போட்டு நகல் கேட்டுட்டேன்.”

அடுத்த நாலு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்குத் தச்சர் வாசலிலேயே நின்றார். ஐந்தாம் நாள் மரக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது மிஷின் நின்றிருந்தது. மேஜையில் நகல் பிரிந்து கிடந்தது. மச்சான் அதன் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூடி வாங்கின பில் இருக்கா அத்தான்?”

“இல்ல.”

திட்டுவான், அடிப்பான், அக்காளைக் கூப்பிடுவான் என்று தச்சர் நினைத்தார். அப்படி ஏதாவது செய்திருந்தால்கூடத் தேவலை. மச்சான் படிவத்தை இழுத்து, வருமானம் என்ற இடத்தில் இடக்கையால் தொகையை நிதானமாக எழுதினான். பிறகு பேனாவை அவர் பக்கம் நகர்த்தினான்.

“அதுக்குக் கீழ காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நீங்களே எழுதுங்க. எனக்குக் கை வரல.”