மெனிக்கின் அடிவயிற்றில் ஊதிப் பார்த்தல்

1
சொல்லக் கூச்சம்தான். இந்தக் கதை ஒரு குருவியின் அடிவயிற்றில் தொடங்கியது. கிளாத்தேன் ஊரில் எனக்குப் பக்கத்து வீடு சர்ஜோனோவுடையது. சோலைபாடிக் குருவிகளைக் கூண்டில் இணைசேர்த்துக் குஞ்செடுப்பவர். மெனிக் என்ற பெட்டையை உள்ளங்கையில் மல்லாத்தி, பருவம் வந்துவிட்டதா என்று பார்க்க, இறகு விலக ஊதினார். நானும் எட்டிப் பார்த்துவிட்டேன்.

[பெட்டைக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வளரும். பருவம் இல்லாத மாதங்களில் அது கடுகளவு. பருவம் வந்தால் திராட்சைக் கொத்தாகத் திரளும், முட்டைக்குழாய் தடித்து நீளும். வெளியே தெரிவது இவ்வளவே: அடிவயிற்று இறகு உதிர்ந்து, தோல் சிவந்து தளரும்.]

2
'ஆணின் நீண்ட வாலைக் கண்ட மெனிக்கின் நெஞ்சு படபடவென்று—'

எழுதிய வரியை அடித்துவிட்டேன். அவள் அடிவயிறே எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, நெஞ்சைப் பற்றி எப்படி எழுதுவேன்?

3
ஆணின் கூண்டுக்கும் பெட்டையின் கூண்டுக்கும் நடுவே ஒரு தட்டி. பெட்டை தயாராகுமுன் அதைத் தூக்கினால் ஆண் கொத்தியே கொன்றுவிடும். போன பெட்டை கொய்யா மரத்தடியில் மண்ணுக்குள் இருக்கிறது.

"வயிறு கும்முனு இருக்கு பாரு வூர்யானி. இன்னிக்கே தூக்கிடலாம்."

"அது கொழுப்பு, மாஸ்," என்றாள் மனைவி. புருஷனை அவள் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள். "காலைல எறும்பு முட்டை, சாயங்காலம் சில்வண்டுன்னு ஊட்டுனா? எனக்கு ஊட்டியிருந்தா நானும்தான் கும்முனு இருப்பேன்."

"உனக்கும் சில்வண்டு வேணுமா?"

"பேச்ச மாத்தாதீங்க. தோலு மஞ்சளா, செவப்பா?"

மஞ்சள் என்றால் வெறும் கொழுப்பு. அவர் ஊதினார். "செவப்பு மாதிரிதான்..."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்போம். குஞ்சு ஆசையில் இந்த மனிதருக்கு மஞ்சளும் சிவப்பாகத் தெரிகிறது. எனக்கு அவரை அதனாலேயே பிடிக்கும்.

"போன தடவையும் 'மாதிரி'ன்னுதான் சொன்னீங்க," என்றாள் வூர்யானி, மெதுவாக.

4
இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: தட்டி எழுகிறது, ஆண் பாடுகிறது, கூட்டில் முட்டைகள். இரண்டாவது: கூண்டின் தரையில் இறகுகள்... அதை எழுதிய அன்றே கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. சர்ஜோனோ மெனிக்கை மனைவியிடம் நீட்டினார். "நீயே ஊதிப் பாரு."

"மஞ்சள்னு சொல்லி, நீங்க மூஞ்சியத் தொங்கப்போடுறத நான் பாக்கணுமா?" என்று அவள் மெனிக்கை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்த முகம் வாடினால் எனக்கும் தாங்காது. அதனால் இதோ, வாசகரே, மெனிக் உங்களிடம். முதுகு உள்ளங்கையில் இருக்கட்டும். அழுத்தாதீர்கள், இவளுக்கு இப்போதே மூச்சு இரைக்கிறது. ஊதுங்கள். சிவப்பு என்றால் தட்டியைத் தூக்குகிறேன்.

சர்ஜோனோவின் முகத்தை மட்டும் பார்க்காமல் சொல்லுங்கள்.