நூற்று நாற்பத்தொன்று

அப்பாவின் கன்னத்தில் சோப்பு நுரை காய்வதற்குள் மழித்துவிட வேண்டும் என்று மகள் அவசரப்பட்டாள். காலையில் வந்த மருத்துவர், "இன்னைக்குத் தாண்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சபையிலேர்ந்து யாராவது வந்தாங்களா?" என்றார் அப்பா.

"வருவாங்கப்பா."

எங்கே வரப்போகிறார்கள்? ஏழு வருடமாக எட்டிப் பார்க்காத மகராசர்கள். அப்பா அங்கே போதகராக இருந்தவர். ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒரு சிறுமியிடம் தப்பாக நடந்ததை அவர்தான் போலீசில் சொன்னார். "சபை பேரு கெட்டுடும் ஐயா, நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்று மூப்பர்கள் கெஞ்சினார்கள். "பேரைக் கர்த்தர் பாத்துக்குவார். பிள்ளையை நாமதான் பாக்கணும்" என்றார் அப்பா. அந்த ஆசிரியரின் பாட்டுக்குச் சபையே சொக்கிக் கிடந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறே சபையைக் கூட்டி, போதகரை நீக்க விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பக்கத்தில் நின்ற வருங்கால மாமியார் கையை உயர்த்தியபடியே, "ஊரோட ஒத்துப் போம்மா" என்றார். மகளும் தூக்கினாள். அப்பா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். அந்த ஒரு ஆறுதலில்தான் ஏழு வருடத்தை ஓட்டினாள்.

இனி நாள் இல்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அன்னிக்கு நானும் கை..."

"தெரியும்மா."

"கண்ணை மூடியிருந்தீங்களே!"

"முழுசா மூடல. எண்ணிக்கிட்டிருந்தேன். நூத்தி நாப்பத்தொண்ணு." மூச்சு வாங்கியது. "ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி மன்னிச்சேன். நூத்தி நாப்பது வரைக்கும் முடிஞ்சுது."

அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கர்த்தர் போதும்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணினவன். நீ இல்லாம எனக்குப் போதலம்மா."

"இப்ப சொல்லுங்கப்பா. என் பேரையும் சொல்லிடுங்கப்பா."

அவர் உதடு அசைந்தது. அவள் காதை வாயருகே கொண்டுபோனாள். மூச்சுதான் பட்டது. பிறகு அதுவும் நின்றது.

அம்மா வந்து பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். 

"கடைசியா என்ன சொன்னாரு?"

"ஜெபம் பண்ணினாரும்மா."

"யாருக்காக?"

மகள் துண்டை நனைத்து அப்பாவின் கன்னத்து நுரையை ஒற்றி எடுத்தாள். அம்மா மேசையிலிருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து, பழக்கதோஷத்தில் முந்தானையால் துடைத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.